திமிர் என்னும் குற்றம்: தடைப்பட்டியல்களை ஆவணமாக வாசித்தல்



ஒருவரின் நடத்தை சரியில்லை என்று சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. திமிர், கொழுப்பு, வாய்த்துடுக்கு, அடங்காமை, மட்டு மரியாதை இல்லாமை, முறைகேடு. இவற்றில் பொய்யோ திருட்டோ கொலையோ இல்லை என்பதைக் கவனியுங்கள். யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமலேயே ஒருவர் இந்தக் குற்றங்களைச் செய்துவிடலாம். உட்கார்ந்தால் போதும். செருப்பைக் கழற்றாமல் தெருவைக் கடந்தால் போதும். தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்காமல் இருந்தால் போதும். இந்தக் குற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதற்கு ஆவணமும் உண்டு. நம்மை அடக்க நினைத்தவர்களே எழுதி வைத்துவிட்டுப் போன ஆவணம் அது. அதை எப்படி வாசிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

இராமநாதபுரத்திலிருந்து தொடங்குகிறேன். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதி பற்றி 1946இல் ஒரு நூல் வெளியிட்டார். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளை அதில் தொகுத்துத் தருகிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மூடக் கூடாது. பெண்கள் பூச்சூடவோ மஞ்சள் பூசவோ கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் போடக் கூடாது.

இந்தப் பட்டியலை வாசிக்கிற யாருக்கும் முதலில் கோபம் வரும். வரத்தான் வேண்டும். ஆனால் வரலாற்று மாணவர் கோபத்தோடு நின்றுவிட முடியாது. அவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: குடையே இல்லாதவனிடம் போய் எவனாவது குடை பிடிக்காதே என்று சொல்வானா? கிராப்பு வெட்டாதே என்று ஒரு தடை வருகிறது என்றால், அந்த வட்டாரத்துச் சேரிகளில் ஏற்கெனவே கிராப்புத் தலைகள் நடமாடுகின்றன என்று பொருள். அவர்களில் சிலர் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களாக இருக்கலாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிய மாவட்டம் அது. பனியன் போடாதே என்றால் பனியன் வாங்கப்பட்டிருக்கிறது. மண்பாண்டம் மட்டும்தான் என்றால் வெண்கலச் செம்பு ஒன்று எங்கோ ஒரு குடிசைக்குள் நுழைந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எல்லாரும் கீழ்ப்படிந்து கிடக்கும் வழக்கத்தை யாரும் விதியாக எழுதிக் கொண்டுவருவதில்லை. மீறல் முதலில் நடக்கிறது, தடை பிறகுதான் வருகிறது. ஆக, அந்த எட்டுத் தடைகளும் 1930இல் இராமநாதபுரத்து ஆதிதிராவிடர்கள் என்னென்ன செய்யத் தொடங்கியிருந்தார்கள் என்பதற்கான பதிவு. அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய குடையும் செருப்பும் எதிரியின் வாக்குமூலத்தில் கிடைக்கின்றன.

தடைகளை மக்கள் மதிக்கவில்லை. குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியமும் உடைமையும் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளைபோயின என்று ஹட்டன் எழுதுகிறார். ஆறே மாதத்தில், 1931 ஜூனில், பதினொரு தடைகள் கொண்ட இரண்டாவது பட்டியல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது பட்டியலிலும் முழங்கால் வேட்டி உண்டு, நகை உண்டு. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு பித்தளைக் குடம் கூடாது என்கிறது. அதோடு நிற்கவில்லை. குடத்துக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாடுகூட வைக்கோலாகத்தான் இருக்க வேண்டுமாம், துணிச் சும்மாடு கூடாதாம். ஒரு பெண்ணின் உச்சந்தலையில் அழுத்துகிற பாரத்தை ஒரு கந்தைத் துணி கொஞ்சம் இளக்கும் என்றால், அந்த இளக்கம்கூட முறைகேடு. இத்தனை நுணுக்கமாகக் கண்காணிக்க எத்தனை கண்கள் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் மீதித் தடைகள் வேறு மாதிரியானவை. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் பண்ணையில் அடிமையாக உழைக்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுத்துப் பயிரிடக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது. மழையை நம்பி விளைவித்தாலும் விளைந்ததும் கொள்ளையடிக்கப்படும். காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

டிசம்பரில் பனியனைப் பற்றிப் பேசியவர்கள் ஜூனில் நிலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மரியாதைப் பேச்சு கூலிப் பேச்சாக மாற ஆறு மாதம்தான் ஆயிற்று. பனியன் போட்டவன் நாலணாவுக்கு வரமாட்டான் என்பது மிராசுதாருக்கு நன்றாகவே தெரியும். பள்ளிக்கூடம் போன பிள்ளை மாடு மேய்க்காது என்பதும் தெரியும். உடையை வெறும் அடையாளச் சிக்கல் என்றும் கூலியைத்தான் உண்மையான வர்க்கச் சிக்கல் என்றும் பிரித்துப் பேசுகிற தோழர்கள் இந்த இரண்டு பட்டியல்களையும் ஒருமுறை சேர்த்து வாசித்தால் நல்லது. ஒடுக்கியவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

கடைசி இரண்டு தடைகள் கல்யாணத்தைப் பற்றியவை. மேளம் கூடாது. தாலி கட்டுவதற்கு முன் குதிரையில் ஊர்வலம் போகும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். மணமக்களைத் தூக்கிப்போகப் பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக வைத்துக்கொள்ளலாம், வேறு எந்த வாகனமும் எதற்கும் கூடாது. கதவைப் பல்லக்காக்கு என்பதில் உள்ள கேலியை விடுங்கள். 'வழக்கத்தை நிறுத்த வேண்டும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். குதிரை ஊர்வலம் நேற்று முளைத்த ஆசை என்று அவர்கள் சொல்லவில்லை, வழக்கம் என்கிறார்கள். சொந்த நிலத்தை விற்க வேண்டும் என்றபோது நிலம் இருந்ததையும் ஒப்புக்கொள்கிறார்கள். நம்மிடம் எப்போதும் எதுவுமே இருந்ததில்லை என்று அனுதாபத்தோடு சொல்கிறவர்களுக்கும் இந்தப் பட்டியல்தான் பதில்.

இதை ஒரு சாதியின் குணக்கேடாகச் சொல்லி முடித்துவிட முடியாது. அரசே பிறப்பை வைத்து நடத்தையை முடிவு செய்துகொண்டிருந்த காலம் அது. சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டுப் பதினொன்றாம் ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவருக்குச் சில்லறைக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. குற்றம் என்றால் வசைபாடுவது, சிறு கைகலப்பு போன்றவை. தண்டனை, சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைப்பது. குற்றம் செய்தவர் தாழ்ந்த சாதியாராக இருந்தால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். தொழுமரம் என்பது காலைத் துளையில் செருகிப் பூட்டும் கட்டை. இத்தனை இழிவான தண்டனையை யாருக்குக் கொடுப்பது முறையற்றதாக இருக்காதோ அவர்களுக்கு என்ற பொருளில் சட்டமே பேசுகிறது. ஒரே வசைச்சொல்லை இரண்டு பேர் பேசினால் ஒருவர் சாவடியில் உட்கார்ந்திருப்பார், மற்றவர் காலில் கட்டையோடு ஊர் பார்க்கக் கிடப்பார். முறை எது, முறைகேடு எது என்பதைச் செயலை வைத்து அளக்காமல் ஆளை வைத்து அளப்பது இங்கே எழுத்துப்பூர்வமான சட்டம்.

அந்த அளவுகோல் பின்னர் மற்றவர்கள் மேலும் பாய்ந்தது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் கைரேகை வைக்கச் சொல்லப்பட்டார்கள். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். பிறப்பாலேயே கெட்ட நடத்தைக்காரர் என்று முத்திரை குத்தப்படுவதன் வலியை அந்த மக்களும் அறிவார்கள். அந்த அறிவு பக்கத்து மாவட்டத்துச் சேரியை நோக்கித் திரும்பவில்லை என்பது நம் வரலாற்றின் பெரிய துயரங்களில் ஒன்று.

திருவிதாங்கூரில் இதே கதை ஒரு நூற்றாண்டு முன்னதாகவே நடந்தது. தோள்சீலைக் கலகம் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள், அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாணார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை இல்லை என்று 1829இல் அரசு அறிவித்தது. அடியும் தீயும் கிழிப்புமாக முப்பது ஆண்டுகள் போயின. 1859இல் வந்த அறிவிப்பு மார்பை மூடிக்கொள்ள அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற அதே விதத்தில் உடுத்தக் கூடாது என்றது. இதுதான் நுட்பமான இடம். உடல் மூடப்படுவதில் அரசருக்கு மறுப்பில்லை. அதே மாதிரி மூடப்படுவதில்தான் மறுப்பு. மானம் என்று பேசப்பட்டதெல்லாம் கடைசியில் துணியின் மடிப்பில் வந்து நின்றது.

அங்கே பேச்சுக்கும் மடிப்பு இருந்தது. புலையர்கள் தம்மை 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தாம் உண்ணும் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, கரிக்காடி என்று சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையைக் குரங்கு என்றோ கன்று என்றோதான் குறிப்பிட வேண்டும். மிஷனரி சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். 'நான்' என்ற ஒரெழுத்துச் சொல்போலச் சிறிய சொல் ஒழுங்கீனமாகும் இடத்தில், ஒருவர் வாய் திறப்பதே வழக்குக்குரிய செயல்தான். அய்யன்காளி 1893இல் வில்வண்டி பூட்டித் தலைப்பாகை கட்டிப் பொதுவழியில் போனார். அந்த வண்டிப் பயணத்தில் கோரிக்கை மனு ஏதும் இல்லை. அதிகாரியைப் பார்க்கப் போகவில்லை. வண்டியில் போவதுதான் கோரிக்கை. 1915இல் கொல்லத்தில் அவர் முன்னிலையில் புலையப் பெண்கள் தம் கழுத்தில் சாதி அடையாளமாகக் கிடந்த கல்லுமாலைகளை அறுத்துக் குவித்தார்கள். பெரிநாட்டில் அதற்கு முன்பே ரத்தம் சிந்தப்பட்டிருந்தது.

வடக்கே போனாலும் பட்டியல் மாறவில்லை. 1928இல் இந்தூர் சமஸ்தானத்து ஊர்களில் பலாயி மக்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் எடுத்துக்காட்டுகிறார். சரிகைக் கரைத் தலைப்பாகை கூடாது, வண்ணக்கரை வேட்டி கூடாது, பெண்கள் பொன் வெள்ளி அணியக் கூடாது, இந்துப் பெண்களின் பிரசவத்துக்குப் பலாயிப் பெண்கள் போக வேண்டும், கூலி கேட்கக் கூடாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இராமநாதபுரத்துக்கும் இந்தூருக்கும் மொழி வேறு, சாதிப் பெயர்கள் வேறு. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்க வாய்ப்பில்லை. பட்டியல் மட்டும் ஒன்றுபோல வருகிறது. மறுத்த பலாயிகளுக்குக் கிணறு மூடப்பட்டது, நடக்க வழி அடைக்கப்பட்டது. பலர் ஊரைவிட்டு அண்டைச் சமஸ்தானங்களுக்குப் போனார்கள்.

அதே உரையில் வருகிற சக்வாரா நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாராவில், 1936 ஏப்ரலில், தீர்த்த யாத்திரை போய் வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தம் சாதியாருக்கு விருந்து வைத்தார். பலகாரங்களை நெய்யில் செய்திருந்தார். பந்தி நடந்துகொண்டிருந்தபோது நூற்றுக்கணக்கான இந்துக்கள் தடிகளோடு புகுந்தார்கள். உணவு பாழானது. விருந்தாளிகள் அடிபட்டு ஓடினார்கள்.

யார் வீட்டு நெய்? அவர் காசில் வாங்கிய நெய். யார் சாப்பிட்டார்கள்? அவருடைய உறவுக்காரர்கள். எந்தக் கோயிலுக்குள்ளும் யாரும் நுழையவில்லை. எந்தக் குளத்தையும் தொடவில்லை. எவர் தோளிலும் உரசவில்லை. தீட்டுக் கோட்பாட்டை எத்தனை இழுத்துப் பார்த்தாலும் இந்த விருந்து அதற்குள் வராது. வாங்க முடிந்த நெய்யை வாங்கியதும், அதைப் பரிமாறியதும், அதை உண்ணத் துணிந்ததும்தான் குற்றம். தீண்டாமையைத் தூய்மை, தீட்டு என்ற சொற்களால் மட்டுமே விளக்குகிற நூல்கள் பல்கலைக்கழகங்களில் இன்றும் பாடமாக இருக்கின்றன. சக்வாராவின் நெய்யை அவை எங்கே வைத்துக்கொள்ளும் என்று எனக்குப் புரிவதில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்கிற பயம்தான் அங்கே தடி தூக்கியது.

நெய்யைப் பற்றிப் பேசிய அந்த உரையும் முறைகேடாகவே கருதப்பட்டது. லாகூரில் சாதி மறுப்புச் சங்கமான ஜாத்-பாத்-தோடக் மண்டல் 1936இல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்திருந்தது. எழுதிய உரையைப் பார்த்தார்கள். சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் மறுத்தார். மாநாடே கைவிடப்பட்டது. அவர் உரையைத் தம் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். சாதியை எதிர்க்க வந்தவர்களும் சாதியைப் பற்றி மரியாதையாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

இங்கே மாணவர்கள் வழக்கமாக எழுப்புகிற ஒரு கேள்விக்கு வருகிறேன். 1927 டிசம்பரில் மகாடில் பெண்களிடம் பேசியபோது, தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் உடையையும் கனத்த நகைகளையும் விட்டுவிட்டு, மற்றப் பெண்கள் போலச் சேலை உடுத்தும்படி அம்பேத்கர் சொன்னார். இது மேல்சாதியைப் பார்த்துச் செய்வதுதானே, சமூகவியலார் எம்.என். சீனிவாஸ் சொன்ன சமஸ்கிருதமயமாதல்தானே என்று கேட்கிறார்கள். பார்த்துச் செய்வது மட்டும்தான் நடந்தது என்றால், பார்க்கப்பட்டவர்களுக்குப் பெருமையாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? குடிசைகள் ஏன் எரிந்தன? கரை வேட்டியைக் கண்டு ஊர் கொதித்ததற்குக் காரணம் உண்டு. ஒரே உடையில் இரண்டு பேர் நின்றால் யாரை யார் வணங்குவது என்று தெரியாமல் போய்விடும். உடுத்தியவர் மேலே ஏறினார் என்பதைவிட, ஏணி எது என்றே தெரியாமல் செய்துவிட்டார் என்பதுதான் பொருத்தம். அந்தக் கோட்பாடு பின்பற்றியவரைப் பார்த்தது, அடித்தவரைப் பார்க்கவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை நாமே பேசாவிட்டால் நேர்மையாகாது. நம் இயக்கங்களும் நல்ல நடத்தையைக் கேட்டன. செத்த மாட்டை உண்ணாதே, குடிக்காதே, பறையடிக்காதே என்று தீர்மானங்கள் வந்தன. அடிமை வேலையை உதறுவதற்கான வழியாக அவை இருந்தவரை அவற்றின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊர் பெண்ணின் மார்பை மூடாதே என்றது. அந்தத் தடையை உடைத்த சில வீடுகளிலேயே அடுத்த தலைமுறையில், தலையைக் குனிந்து நட, சத்தமாகச் சிரிக்காதே என்று மகளுக்குத் தடைகள் வந்தன. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதன் பேச்சுமொழியைக் கொச்சை என்றவர்கள் மேல்சாதி விமர்சகர்கள் மட்டுமல்ல. ராஜ் கௌதமன் 1993இல் 'தலித் பண்பாடு' எழுதியபோது கலகத்தைப் பண்பாட்டின் மையத்தில் வைத்துப் பேசியதற்கு இந்தப் பின்னணி உண்டு. அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன், 1893இல், இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். வசையாக எறியப்பட்ட சொல்லைத் தலைப்பில் அச்சிட்டுக் கடையில் தொங்கவிட்டது எத்தனை பேருக்கு முகம் சுளிக்க வைத்திருக்கும்! 1972இல் மராட்டியத்தில் ராஜா தாலே, தேசியக் கொடியை அவமதித்தால் கிடைக்கும் தண்டனை தலித் பெண்ணை மானபங்கப்படுத்தினால் கிடைப்பதைவிடப் பெரிது என்று எழுதினார். கொடியைப் பற்றி அவர் பயன்படுத்திய சொற்கள் ஆபாசம் என்று பெரிய சர்ச்சை நடந்தது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததைப் பற்றி அவ்வளவு சர்ச்சை நடக்கவில்லை.

மறுபடி இராமநாதபுரம். தடைப்பட்டியல் வந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1957 செப்டம்பர் 10ஆம் நாள், முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் கூட்டினார். தேவேந்திரர்களின் பிரதிநிதியாக, பட்டாளத்தில் இருந்து வந்தவரான இம்மானுவேல் சேகரன் கலந்துகொண்டார். சமமான தலைவராக அமர்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். கொலை வழக்கில் முத்துராமலிங்கத் தேவர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார் என்பது ஆவணம். அந்தக் கூட்டத்தில் இம்மானுவேல் எழுந்து நிற்கவில்லை என்பது மக்கள் நினைவு. எழுந்தாரா இல்லையா என்று விவாதித்துக்கொண்டிருப்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஒரு கொலைக்குக் காரணமாக இந்த மண்ணின் மக்கள் எதை நம்பத் தயாராக இருக்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. எழுந்து நிற்காதது போதுமான காரணம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்கின்றன.

தஞ்சைப் பண்ணைகளில் திமிருக்குத் தண்டனை சவுக்கடியும் சாணிப்பாலும். மாட்டுச் சாணியைக் கரைத்துப் பண்ணையாளின் வாயில் ஊற்றுவது. பி. சீனிவாசராவ் தலைமையில் விவசாயிகள் சங்கம் போராடி, 1944இல் போட்ட ஒப்பந்தங்களில் இந்த இரண்டும் ஒழிக்கப்பட்டன. ஒரு கூலி ஒப்பந்தத்தில் இனிச் சாணிப்பால் கொடுக்க மாட்டோம் என்று எழுத வேண்டியிருந்தது என்பதை உலகத் தொழிற்சங்க வரலாற்றில் வேறெங்காவது காட்ட முடியுமா? அதே மண்ணில் கூடுதல் நெற்கூலி கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

அந்த வழக்கின் தீர்ப்பு நம் பேச்சுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கீழ்நீதிமன்றம் சில மிராசுதார்களைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் பெரும் நிலம் உடைய செல்வந்தர்கள், முதல் குற்றவாளியிடம் கார் இருக்கிறது, வேலையாட்களை அனுப்பாமல் இவர்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பக் கடினம் என்ற பொருளில் தீர்ப்பு எழுதப்பட்டது. 1816இல் யாருக்குத் தொழுமரம் முறையற்றதாக இருக்காது என்று சட்டம் பார்த்தது. இங்கே யார் முறைகெட்டு நடக்க மாட்டார்கள் என்று நீதிமன்றம் பார்த்தது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அளவுகோல் அப்படியே இருக்கிறது. கார் வைத்திருப்பவர் கெட்ட காரியத்துக்கு நடந்து போக மாட்டார். சாட்சி சொன்ன கூலிக்காரர்களின் கண்களைவிட அந்தக் கார் நம்பகமான சாட்சியாகிவிட்டது.

இனிச் சட்டத்தின் இன்றைய பக்கம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் குற்றப் பட்டியலில் முதலில் இருப்பது, உண்ணத் தகாத, அருவருப்பான பொருளை உண்ணவோ குடிக்கவோ கட்டாயப்படுத்துவது. தஞ்சையின் சாணிப்பால் அங்கே வந்துவிட்டது. 2015இல் நிறைவேறி 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் நீளமான பட்டியலைச் சேர்த்தது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம். இராமநாதபுரத்து மிராசுதார்கள் எழுதிய பட்டியலை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். செருப்பு இருக்கிறது. துணி இருக்கிறது. குதிரை இருக்கிறது. வாகனம் இருக்கிறது. எண்பத்து நான்கு ஆண்டுகளில் தடை குற்றமாகவும் குற்றம் உரிமையாகவும் இடம் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் எத்தனை குடிசைகள் எரிந்தன என்று சட்டப் புத்தகத்தில் அடிக்குறிப்பு இருக்காது.

அந்த அடிக்குறிப்பை எழுதும் வேலை நம்முடையது. ஆகவே மாணவ நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். எழுபது, எண்பது வயது தாண்டிய பாட்டிகளிடமும் தாத்தாக்களிடமும் உங்கள் ஊரில் என்னென்ன கூடாது என்றிருந்தது என்று கேளுங்கள். நடுத்தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, டீக்கடையில் பெஞ்சில் உட்காரக் கூடாது, பிள்ளைக்கு இன்ன பெயர் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: இதை நம் தெருவில் முதன்முதலில் மீறியது யார், அவருக்கு என்ன ஆயிற்று? அந்தப் பெயரை அதே பக்கத்தில் எழுதி, தேதி தெரிந்தால் தேதியும் போட்டு, எங்களுக்கு அனுப்புங்கள்.